தாயிலாக் கன்று

உயிர்களின் இளமைக்கு நம் முன்னோர் வெவ்வேறு பெயர்களை வழங்கினர். குட்டி, குருளை, மறி என்றாற்போலும் இளமைப் பெயர்களைத் தொல்காப்பியத்து மரபியல் தொகுத்துக் கூறுகின்றது. அவற்றுள் ‘கன்று’ என்பதும் ஒன்று. இச்சொல் இன்று பசுவின் இளமையை மட்டுமன்றி, வாழையின் இளமையையும் மாவின் இளமையையும் குறிக்கின்றது. ஆன்கன்றுக்கும் மாங்கன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. நட்ட கன்று வேரூன்றும் வரை நீரின்றி வாழாது. பிறந்த கன்றும் உடல் உறுதிப்படும் வரை நீர் இழப்பைத் தாங்காது. வாட்டம் கண்டவுடன் நீர் வார்ப்பார் இருப்பின் இரண்டும் பிழைக்கும். ஒரு நாள் தாழ்ப்பின் இரண்டும் பட்டுப்போகும்.

விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி வட்டத்தில் நரிக்குடி என்னும் ஊர் உள்ளது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி ஆகிய மூன்றும் வானம் பார்த்த பூமியில் அமைந்தவை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அப்பகுதியில் இல்லை. திருச்சுழியை அடுத்துச் செல்லும் குண்டாறும் மழைக்காலத்திலேயே நீர் காணும். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் மழையைக் கண்மாய்களில் தேக்கி, அந்நீரைக் கொண்டு மக்கள் நெல் விளைவிப்பர். கண்மாய் நீர் எட்டாத நிலங்களில் பருத்தி, மிளகாய், சிறுதானியம், பயறு முதலியவற்றை மானாவாரியாகப் பயிரிடுவர். மழை பொய்த்த ஆண்டில் நிலம் கைவிட்டுவிடும். அந்நாளில் குடும்பத்தைத் தாங்குவது தொழுவத்தில் நிற்கும் பசுவே. காலையும் மாலையும் பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றும் பாலே வீட்டுக்கு அரிசியாகவும், பிள்ளைகளுக்கு ஏடாகவும் எழுதுகோலாகவும் மாறி வருகின்றது.

அத்தகைய எளிய இல்லம் ஒன்றனைக் கருதிப் பார்க்க. அங்கே இருந்தது ஒரே ஒரு கலப்பினப் பசு. அப்பசு ஒரு கிடாரிக் கன்றை ஈன்று, இரண்டாம் நாள் இறந்துவிடுகின்றது. அவ்வீட்டின் முதல் முழுவதும் இப்பொழுது ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள ஒரு சிற்றுயிராகச் சுருங்கிவிட்டது. அதனைக் காத்து வளர்த்தால் இரண்டரை அல்லது மூன்று ஆண்டுகளில் தொழுவத்தில் மீண்டும் பால் சுரக்கும். காவாதொழியின் தொழுவம் வெறுமையாகும். அவ்வீட்டில் உயர்நிலைப் பள்ளியில் பயிலும் சிறுமி ஒருத்தி, அயல்வீட்டில் விலைக்கு வாங்கிய பாலைப் புட்டியில் ஊட்டும் பொறுப்பை ஏற்கின்றாள்.

ஒரு வாரம் குறைவின்றிச் செல்கின்றது. ஒன்பதாம் நாள் விடியலில் அவள் தொழுவத்துட் சென்று பார்க்கின்றாள். கன்றின் வாலும் பின்தொடைகளும் நனைந்து கிடக்கின்றன. சாணம் மஞ்சள் நிறத்து நீராய்ப் போகின்றது. புளித்த நாற்றம் வீசுகின்றது. வீட்டுப் பாட்டியார் கன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “பால் செரிக்கவில்லை, அம்மா. இன்று ஒன்றும் ஊட்ட வேண்டா, வயிறு காயட்டும்” என்கின்றார். அவர் சொல் அன்பினின்று பிறந்ததே. பட்டினி போட்டால் கழிச்சல் நிற்கும் என்பது பல தலைமுறையாக வந்த நம்பிக்கை. கன்று வளர்ப்போர் மட்டுமல்லர், கற்ற மருத்துவரும் ஒருகாலத்தில் அவ்வாறே கருதினர். ஆயினும், அந்த ஒரு நாட் பட்டினியே எத்தனையோ கன்றுகளின் உயிரைப் பறித்துள்ளது. அஃது எங்ஙனம் என்பதை அறிதல் வேண்டும்.

கரை உடைந்த கண்மாயை நரிக்குடிப் பகுதி மக்கள் நன்கறிவர். உடைப்பு ஓரிடத்தில்தான்; ஆயினும் ஓரிரவில் கண்மாய் வற்றிவிடும். பயிரைக் கொல்வது உடைப்பு அன்று. அதனால் உண்டாகும் வறட்சியே. கழிச்சலும் அத்தன்மைத்து. நோய்க்கிருமி குடலில் தங்கி உடைப்பை உண்டாக்குகின்றது. அவ்வுடைப்பின் வழியே நீரும், நீரில் கரைந்துள்ள உப்புகளும் வெளியேறுகின்றன. இளங்கன்றின் உடல் எடையில் முக்காற்பங்கு அளவு நீரேயாகும். 25 கிலோ எடையுள்ள கன்று 2 லிட்டர் நீரை இழந்தால் கண் குழிந்து தளர்ந்துவிடும். 3 லிட்டரை இழந்தால் எழுந்து நிற்க மாட்டாது. அதற்கு மேலும் இழப்பின் உயிர் நிலைத்தல் அரிது. கடுங்கழிச்சலில் இவ்வளவு நீர் ஒரு பகலிலும் ஓர் இரவிலும் வெளியேறிவிடக்கூடும். எனவே, கழியும் கன்று பெரும்பாலும் கிருமியால் நேரே இறப்பதில்லை. நீர் வற்றியே இறக்கின்றது. வற்றுகின்ற கன்றுக்கு உணவையும் நீரையும் நிறுத்துவது, உடைந்த கண்மாய்க்கு வரும் வரத்துக்காலையும் அடைப்பதை ஒக்கும்.

ஆயின், வெறும் நீரை வார்த்தால் போதாதோ எனின், போதாது. உடல் இழந்தது நீரை மட்டுமன்று, உப்பையும் இழந்துள்ளது. உப்பு நீரை மட்டும் வார்த்தாலும் நோயுற்ற குடல் அதனை நன்கு ஏற்பதில்லை. இந்த இடர்ப்பாட்டை நீக்கிய வழியை உலகம் அறிந்துகொண்டது மக்களின் நோயைத் தீர்க்கும் முயற்சியிலேயாகும். சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை உட்புகும்போது, உப்பிலுள்ள சோடியத்தையும் துணையாக அழைத்துச் செல்கின்றது என்னும் கருத்தை ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் 1960-இல் வெளியிட்டார். உப்பும் சர்க்கரையும் புகுந்த வழியே நீரும் தொடர்ந்து புகும். கழிச்சலின்போதும் குடலின் இவ்வாயில் முற்றும் அடைபடுவதில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

1971-ஆம் ஆண்டில் வங்கதேச விடுதலைப் போர் நிகழ்ந்தது. இலக்கக் கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்துள் அடைக்கலம் புகுந்தனர். பன்காவ் என்னும் எல்லைப்புற ஊரின் முகாம்களில் வாந்திபேதி பரவியது. நோயாளர்க்கு ஊசி வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டே வந்தது. ஏற்றுதற்குப் பயிற்சி பெற்றோரும் போதிய அளவில் இலர். அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகாலனபிஸ் ஒரு துணிவான முடிவுக்கு வந்தார். ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம் என்னும் அளவில் கரைசல் செய்து, அதனை நோயாளர் வாய்வழியே பருகச் செய்தார். ஊட்டியவர் தாயரும் உற்றாருமே. முகாமில் நோயுற்றோருள் நூற்றுக்கு முப்பதின்மர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அவர் பொறுப்பிலிருந்தோருள் இறந்தவர் தொகை நூற்றுக்கு நால்வரினும் குறைந்தது. பின்னர் உலகச் சுகாதார நிறுவனமும் இம்முறையை ஏற்றுப் பரப்பியது. மகாலனபிஸ் 2022-இல் மறைந்தார்; மறுஆண்டு இந்திய அரசு அவர்க்குப் பத்ம விபூஷண் விருதினை அறிவித்தது. மருத்துவர் இல்லாத இடத்தில் ஒரு தாயின் கையே மருத்துவமனையாகலாம் என்பதை அவர் செயல் மெய்ப்பித்தது.

மக்களின் குடலுக்கும் கன்றின் குடலுக்கும் இவ்வகையில் வேறுபாடு மிகுதியில்லை. ஆகலின், கழியும் கன்றைக் காக்கும் முதன் மருந்தும் உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசலே. ஆனால், ஒரு வேற்றுமையை மறத்தல் கூடாது. மக்கள் குழந்தைக்குச் சர்க்கரையும் உப்பும் கலந்து கொடுப்பது போலக் கன்றுக்குக் கொடுத்தல் தகாது. கரும்புச் சர்க்கரையைச் செரிக்கும் சாறு கன்றின் குடலில் இல்லை. சர்க்கரையோ வெல்லமோ கலந்து கொடுப்பின் அது செரியாது தங்கிப் புளித்துக் கழிச்சலை மிகுவிக்கும். எனவே, கன்றுக்குக் குளுக்கோசே வேண்டும். கால்நடை மருந்தகத்தில் கன்றுக்கென விற்கப்பெறும் உப்புக் கரைசல் தூள் மிகவும் ஏற்றது. அது கிடைக்கும் வரை, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பயன்படுத்தலாம், அதில் இருப்பதும் குளுக்கோசே.

கரைசல் செய்யும் முறையிலும் கருத்து வேண்டும். ஒரு லிட்டர் நீருக்குரிய பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டர் நீரிலேயே கரைத்தல் வேண்டும். விரைவிற் குணமாகும் என எண்ணிச் செறிவாகக் கரைப்பின், அது குடலிலிருந்து மேலும் நீரை இழுத்துக் கேடு செய்யும். உப்பு அளவு மீறினால் மருந்தும் நஞ்சாகும். உவர்நீர்க் கிணறு உள்ள ஊரில் அந்நீரைக் கொள்ளாது, குடிநீரைக் காய்ச்சி ஆற்றிக் கொள்ளல் வேண்டும். கரைசல் கன்றின் உடற்சூட்டை ஒத்த இளஞ்சூட்டில் இருத்தல் நன்று. 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு ஒரு வேளைக்கு ஒரு லிட்டர் வீதம் நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை கொடுக்கலாம். கழிச்சல் மிகுதியாயின் முறையைக் கூட்டுதல் வேண்டும்; ஒரே முறையில் மிகுதியாகக் கொடுத்தல் வேண்டா.

கரைசல் கொடுப்பதால் பாலை நிறுத்திவிடலாமோ எனின், நிறுத்தலாகாது. கரைசல் நீரைத் தருமேயன்றி உடலை வளர்க்கும் உணவைத் தாராது. இளங்கன்றின் உடலில் சேமித்து வைத்த கொழுப்பு மிகக் குறைவு. இரண்டு நாள் பாலின்றி இருப்பின், கழிச்சல் நின்றாலும் கன்று மெலிந்து மாளும். ஆகவே, நாட்பாலைக் குறைந்த அளவில் பல வேளையாகப் பகுத்து ஊட்டல் வேண்டும். பாலுக்கும் கரைசலுக்கும் இடையே இரண்டு மணி நேரமேனும் இடைவெளி இருத்தல் நலம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஊட்டுதல் தவறு. கன்றின் வயிற்றில் பால் உறைந்து செரிக்க வேண்டும். கரைசலோடு கலந்த பால் அவ்வாறு நன்கு உறையாது போகலாம்.

புட்டியில் ஊட்டும் முறையையும் அறிந்துகொள்ளல் வேண்டும். பசுவின் வயிறு நான்கு அறைகளை உடையது. புல்லும் வைக்கோலும் முதலறையில் தங்கி நொதித்துப் பின் அசைபோடப்பெறும். பாலுக்குரிய இடமோ நான்காம் அறை. கன்று காம்பைச் சுவைத்து உறிஞ்சும்போது, உணவுக்குழாயின் அடியிலுள்ள மடிப்பு ஒன்று குழல்போற் சுருண்டு, பாலை முதலறையில் விழவிடாது நேரே நான்காம் அறைக்குச் செலுத்துகின்றது. இயற்கையின் ஏற்பாடு இது. கன்று உறிஞ்சாதிருக்க, மூங்கிற் குழாயாலோ புட்டியாலோ வாயில் பாலை ஊற்றினால், அம்மடிப்பு மூடாது. பால் முதலறையில் விழுந்து புளிக்கும். அதனினும் பெருந்தீங்கு, பால் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைச் சேர்தல். கழிச்சலில் தப்பிய கன்று இவ்வாறு நுரையீரல் அழற்சியால் இறப்பதுண்டு. ஆதலின், கன்று தாய்மடியில் நிற்பதுபோலக் கழுத்தை முன்னீட்டி நிற்க, புட்டியைச் சிறிதே சாய்த்துப் பிடித்தல் வேண்டும். தலையை வானோக்கித் தூக்கிப் பிடித்தல் கூடாது. வேலை விரைவில் முடியும் என்று காம்பின் துளையைப் பெரிதாக்குதலும் கூடாது. பத்து நிமிடம் பொறுத்திருப்பது பின்வரும் பல நாள் துன்பத்தைத் தவிர்க்கும்.

ஒவ்வொரு வேளையும் புட்டியையும் காம்பையும் முதலில் குளிர்ந்த நீரிலும், பின் சோப்பும் வெந்நீரும் இட்டும் கழுவி வெயிலிற் கவிழ்த்து உலர்த்துதல் வேண்டும். காம்பின் உட்புறத்தில் ஒட்டிய பால் சில மணி நேரத்திற்குள் கிருமிகளின் விளைநிலமாகிவிடும். புட்டிப்பால் குடிக்கும் கன்றுகளுக்கு மடிப்பால் குடிக்கும் கன்றுகளினும் கழிச்சல் எளிதில் வருதற்கு இதுவும் ஒரு காரணம். ஆறிய பால், வேளை தவறிய பால், பசியில் அளவின்றிக் குடிக்கவிட்ட பால் ஆகியவையும் காரணங்களாம். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பாலை நாள் முழுதுக்கும் பகுத்து ஊட்டுதலே பொதுவான அளவு.

திருவாரூரில் அரசாண்ட மனுநீதிச் சோழன் வரலாறு யாவரும் அறிந்தது. கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலிற் கட்டிய மணியை அடித்தது; அரசன் செவிசாய்த்தான். இங்கோ, தாயை இழந்து நிற்பது கன்று. அதற்காக மணியடிப்பார் ஒருவருமில்லை. ஆயினும், கன்றின் உடலே சில மணிகளை அடித்துக் காட்டும். காப்போர் அவற்றைக் கேட்கப் பழகுதல் வேண்டும்.

முதல் மணி கண். நலமுள்ள கன்றின் கண் ஒளியுடன் குழி நிறைந்திருக்கும். நீர் வற்றிய கன்றின் கண் உள்ளே குழிந்து, இமைக்கும் விழிக்கும் இடையே வெளி தோன்றும். இரண்டாவது தோல். கழுத்துத் தோலை இருவிரலாற் கிள்ளி உயர்த்தி விட்டால், நலமுள்ள கன்றில் உடனே படிந்துவிடும். நீர் வற்றிய கன்றில் கூடாரம்போல் நின்று மெல்லப் படியும். மூன்றாவது வாய். தூய விரலை வாயில் வைத்தால் கன்று வெதுவெதுப்புடன் வலிந்து சுவைத்தல் வேண்டும். வாய் குளிர்ந்தும் உலர்ந்தும் சுவைக்கும் வலி குன்றியும் இருப்பின் நோய் முற்றுகின்றது என்பது பொருள். நான்காவது நிலை. தட்டி எழுப்பினால் எழுதல் வேண்டும். எழுந்தும் தள்ளாடினாலோ, எழவே மாட்டாவிடினோ காலந்தாழ்த்தல் கூடாது. கன்றின் உடற்சூடு 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் இயல்பு. அதனினும் மிக்கால் காய்ச்சல். மிகக் குறைந்து காதும் காலும் சில்லிட்டால் அது காய்ச்சலினும் கொடிது.

சுவைக்க மாட்டாத கன்றுக்கு வாய்வழியே ஒன்றையும் ஊற்றலாகாது. அந்நிலையில் நரம்பு வழியே நீரேற்றுதலே வழி. அது கால்நடை மருத்துவர் செய்யத்தக்கது. 1962 என்னும் எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை நாடலாம். சாணத்தில் குருதி காணின், காய்ச்சல் மிகின், இரண்டு நாளில் தேற்றம் இல்லையெனின், அப்பொழுதும் மருத்துவரை நாடுதல் கடன். மருத்துவர் சொல்லாமல், வீட்டில் எஞ்சிக் கிடக்கும் மாத்திரைகளைப் பொடித்துக் கொடுத்தல் பெரும் பிழை. கழிச்சலை உண்டாக்குவன பல. பிறந்த முதற் சில நாட்களில் வருவது பெரும்பாலும் ஈ. கோலி என்னும் நுண்ணுயிரால். அடுத்த வாரங்களில் வருவது பெரும்பாலும் நச்சுயிரிகளாலும் வேறு ஒட்டுண்ணிகளாலும். நச்சுயிரியை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒன்றும் செய்யாது. குடற்புழுவால் வரும் கழிச்சலுக்கோ வேறு மருந்து வேண்டும். இன்ன நோய்க்கு இன்ன மருந்து என்று அறிவார் மருத்துவரே. வீட்டார் தாமே அஞ்சாது செய்யத்தக்கது, இழந்த நீரை மீட்டுக் கொடுத்தல்.

கன்று கிடக்கும் இடமும் மருந்தின் ஒரு பகுதியே. ஈரத் தரையில் கிடக்கும் நோயுற்ற கன்று தன் சூட்டை இழக்கும். உலர்ந்த வைக்கோல் பரப்பி, மேலே ஒரு சாக்கினைப் போர்த்தல் நலம். பங்குனி, சித்திரை வெயிலிலோ நிழலும் காற்றும் வேண்டும். நோயுற்ற கன்றை ஏனைய கன்றுகளினின்று பிரித்து வைத்து, நலமுள்ளவற்றுக்கு முதலிலும் நோயுற்றதற்கு இறுதியிலும் ஊட்டல் வேண்டும். பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் இன்றியமையாதது. கன்றின் கழிச்சல் நோய்களுட் சில மக்களையும் பற்றும் இயல்புடையன.

வந்தபின் காத்தலினும் வருமுன் காத்தல் சிறந்தது. மக்கட் குழந்தை தாயின் வயிற்றிலேயே நோயெதிர்ப்பு ஆற்றலில் ஒரு பகுதியைப் பெற்றுப் பிறக்கின்றது. கன்றோ அஃதின்றிப் பிறக்கின்றது. அதற்குரிய காப்பு முழுவதும் சீம்பாலில் உள்ளது. பிறந்த ஓரிரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டத் தொடங்கல் வேண்டும். 25 கிலோ எடையுள்ள கன்று முதல் நாளில் இரண்டரை லிட்டர் சீம்பாலேனும் பருகுதல் நலம். நேரம் செல்லச் செல்லக் குடல் அக்காப்புப் பொருள்களை ஏற்கும் ஆற்றலை இழக்கும். ஒரு நாள் கழியின் அவ்வாயில் ஏறத்தாழ அடைபட்டுவிடும். ‘நஞ்சுக்கொடி விழட்டும், பின்னர் ஊட்டலாம்’ எனக் காத்திருப்பார் உளர். அக்காத்திருப்பு கன்றின் உயிரோடு ஆடும் விளையாட்டாம். சீம்பாலை வெல்லமிட்டு அவித்துக் கடும்பாக உண்பதும் அயலார்க்கு வழங்குவதும் இனிய வழக்கமே. ஆயினும், கன்று வயிறார உண்டபின் எஞ்சியதே நம் பங்காதல் வேண்டும். தாய் ஈன்றவுடனே இறப்பின், அண்மையில் ஈன்ற வேறொரு பசுவின் சீம்பாலை இரந்தேனும் பெற்று ஊட்டல் வேண்டும். பிறந்தவுடன் தொப்புட்கொடியின் முனையில் அயோடின் மருந்தைத் தடவுதலும் கிருமி புகாமற் காக்கும்.

ஈண்டு மற்றொன்றும் எண்ணத்தக்கது. கிடாரிக் கன்று நாளை பால் தரும் என்பதால் அதனைக் காக்க முனைவார் பலர். காளைக் கன்றோ பல வீடுகளில் வேண்டா விருந்தாகிவிட்டது. உழவுக்கு இயந்திரம் வந்தபின், அதற்கு ஊட்டும் பால் வீணென்று கருதப்படுகின்றது. காம்பில் சிறிது சப்பவிட்டுக் கட்டிவைத்து, நோய் வரின் கண்டும் காணாதிருப்பதும் உண்டு. வளர்க்க இயலாதவர் வளர்ப்பார் கையில் ஒப்படைத்தல் குற்றமன்று. ஆனால், தொழுவத்தில் கட்டப்பட்டிருக்கும் வரை அதன் நீர்வேட்கையைத் தீர்த்தல் கட்டியவர் கடனாகும். கட்டப்பட்ட உயிர் தானே சென்று நீர் தேடுதல் இயலாது. பயன் தருவதற்கு மட்டும் பரிவு காட்டின் அது வாணிகம். பயன் கருதாது காட்டுவதே அருள்.

அவ்வில்லத்துச் சிறுமி அன்று என்ன செய்யக் கடவள்? பாட்டியாரை அவள் எதிர்த்துப் பேச வேண்டுவதில்லை. “பாட்டி, கண்மாய் உடைந்தால் நீர்வரத்தை அடைப்போமா?” என்று ஒரு வினாவைப் பணிவுடன் கேட்டாற் போதும். வறண்ட மண்ணில் வாழ்ந்து முதிர்ந்த அவர் அவ்வினாவின் பொருளை எவரினும் விரைவில் உணர்வார். பின்னர் ஒருவர் நீர் காய்ச்சலாம். ஒருவர் பொட்டலம் வாங்கி வரலாம். ஒருவர் மருத்துவரை அழைக்கலாம். சிறுமி கன்றின் அருகே அமர்ந்து, காலையில் ஒரு முறையும், நண்பகலில் ஒரு முறையும், மாலையில் ஒரு முறையும், உறங்கப்போகுமுன் ஒரு முறையும் கரைசலை ஊட்டலாம். இடையிடையே பால் ஊட்டலாம். ஒவ்வொரு முறையும் கண்ணையும் தோலையும் வாயையும் நோக்கி, ஓர் ஏட்டில் குறித்து வைக்கலாம். உரிய காலத்தில் இவ்வாறு பேணப்பெறும் கன்றுகளுள் மிகப் பல சில நாட்களில் தேறிவிடும். எல்லாக் கன்றும் பிழைக்கும் என்று உறுதி கூற ஒருவராலும் இயலாது. ஆயினும், நீரின்றி இறந்தது என்னும் பழி அவ்வீட்டைச் சாராது.

தேறிய கன்று காம்பை முட்டி முட்டிப் பால் குடிக்கும். தாய்மடியை முட்டும் பழக்கத்தை அது புட்டியிடமும் மறப்பதில்லை. அம்முட்டலைக் கையில் உணரும் சிறுமிக்கு, அறிவும் அன்பும் இரண்டும் கூடினாலன்றி ஓர் உயிரைக் காத்தல் இயலாது என்பது விளங்கும். அன்பு மட்டுமே இருந்தபோது, வயிறு காயட்டும் என்று கூறிற்று. அதனோடு அறிவும் சேர்ந்தபோது, வற்றும் உடலுக்கு நீர் வார்த்தது.